ஃபெரிண்டாஷ் விவகாரம்: போர் நஷ்டஈடா, வெறும் சலுகையா?

கரிசல்காடன்:
நில எடுப்பு பற்றிய இழையில் நீதிமான்72 எழுதியது இது: "போரில் சொத்தை இழந்த நிலக்காரருக்கு அரசு நஷ்டஈடு தர வேண்டும் என்பது ஸ்காட்லாந்தில் 17ஆம் நூற்றாண்டிலேயே சட்டம். ஃபெரிண்டாஷ் அதற்குச் சான்று." ஆளாளுக்கு அதற்கு விருப்பக்குறி வேறு. சும்மா விட மனம் வரவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். 1689இல், பதவி இழந்த ஏழாம் ஜேம்ஸ் மன்னருக்காக எழுந்த கலகப்படை, புதிய மன்னர் வில்லியம் பக்கம் நின்ற கலோடன் ஊர் நிலக்காரர் டங்கன் ஃபோர்ப்ஸின் நிலங்களைச் சூறையாடியது. ஸ்காட்லாந்தின் வடக்கே ஃபெரிண்டாஷ் என்ற இடத்தில் அவருக்கு இருந்த விஸ்கி வடிசாலையும் போயிற்று. 54,000 பவுண்டு நஷ்டம் என்று அவர் கணக்குக் கொடுத்தார். 1690இல் எடின்பரோ பாராளுமன்றம் அவர் கையில் காசு எதுவும் தரவில்லை. ஃபெரிண்டாஷ் தானியத்தை வடிப்பதற்கான கலால் வரிக்குப் பதிலாக ஆண்டுக்கு 400 மெர்க் (அந்தக் கால ஸ்காட்லாந்து நாணயம்) கட்டினால் போதும் என்று ஒரு சட்டம் போட்டது. அதாவது, கட்டுகிறவர் ஃபோர்ப்ஸ், வாங்குவது அரசு. நஷ்டஈடு வாங்குகிறவர் வருடா வருடம் பணம் கட்டுவதை எந்த ஊரில் பார்த்தீர்கள்?

நீதிமான்72:
கட்டியதை மட்டும் எண்ணுகிறீர்கள், கட்டாமல் மிச்சமானதை யார் எண்ணுவது? 400 மெர்க் என்பது ஸ்டெர்லிங்கில், அதாவது இங்கிலாந்துப் பணத்தில், 22 பவுண்டு சொச்சம்தான். மற்ற வடிசாலைக்காரர்களுக்குக் கலால் ஏறிக்கொண்டே போனது, ஃபோர்ப்ஸ் குடும்பத்துக்கு அதே 400 நின்றது. கஜானாவில் காசில்லாத அரசு வரியை விட்டுக்கொடுத்து ஈடு கட்டியிருக்கிறது. அந்தச் சலுகைக்குக் காரணமே அவருடைய போர் இழப்புதான். அப்புறம் எதை நஷ்டஈடு என்பீர்கள்?

பனைமரத்தான்:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் பொறுங்கள். எதிரி கொளுத்தியது ஒரு வகை. சொந்தப் படையே வந்து தங்கித் தின்று தீர்த்தது இன்னொரு வகை. எதிரி கைக்குப் போகக்கூடாது என்று நம் ஆட்களே அழித்தது மூன்றாவது வகை. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்தால் நல்லது. ஃபோர்ப்ஸுக்கு நடந்தது முதல் வகை. அதற்கு ஸ்காட்ஸ் சட்டத்தில் ஸ்பூல்யி என்ற வழக்கு உண்டு. கொள்ளையடித்தவன் மேலேயே போட்டு, பொருளையும் அதிலிருந்து வந்திருக்கக்கூடிய வருமானத்தையும் கேட்கலாம்.

கரிசல்காடன்:
வகை பிரிப்பதெல்லாம் பிறகு. 400 மெர்க்குக்குப் பதில் வரட்டும். அந்த 54,000மும் ஸ்காட்ஸ் பவுண்டு. 12 ஸ்காட்ஸ் பவுண்டு சேர்ந்தால்தான் ஒரு ஸ்டெர்லிங், ஆக மொத்தம் 4,500. நஷ்டஈடு என்றால் அந்த 4,500 தீர்ந்ததும் சலுகையும் முடிந்திருக்க வேண்டும் அல்லவா? 1784 வரை ஓடியதே, எப்படி? விசுவாசிக்கு அரசு கொடுத்த பரிசு அது.

நீதிமான்72:
1784ஐ நீங்களே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. அந்த ஆண்டு சலுகையை ரத்து செய்தபோது குடும்பத்துக்கு 21,500 பவுண்டுக்கு மேல், அதுவும் ஸ்டெர்லிங்கில், தந்தார்கள். வெறும் பரிசைத் திருப்பி வாங்க யாராவது பணம் தருவார்களா?

கரிசல்காடன்:
அது சலுகை போனதற்கான பணம். 1689இல் எரிந்ததற்கு அல்ல. 1747இல் பிரபுக்கள் தம் பகுதியில் வழக்கு விசாரிக்கும் பரம்பரை நீதி அதிகாரங்களை ஒழித்தபோதும் அவர்களுக்கு ஏறத்தாழ 1,52,000 பவுண்டு கொடுத்தார்கள், ஆர்கைல் டியூக்குக்கு மட்டும் 21,000. அதையும் போர் நஷ்டஈடு என்பீர்களா? கல்வெட்டு இழையிலும் இப்படித்தான் ஒன்றைக் கேட்டால் இன்னொன்றைச் சொன்னீர்கள்.

நீதிமான்72:
கல்வெட்டு இழையில் பாதியில் ஓடியது யார் என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

சுவடித்துகள்:
கரிசல்காடனுக்கு நான் ஒன்று எடுத்துக் கொடுக்கிறேன். ஸ்காட்லாந்தில் 1689இல் நிறைவேறிய உரிமைக் கோரிக்கை என்ற ஆவணம், தனியார் வீட்டில் ராணுவத்தை நிறுத்துவது சட்டவிரோதம் என்கிறது. ஆனால் "அமைதிக் காலத்தில்", சொந்தக்காரர் சம்மதமோ பாராளுமன்ற அனுமதியோ இல்லாமல் செய்தால்தான். போர்க்காலத்தைப் பற்றி அந்த இடத்தில் பேச்சே இல்லை. 1692இல் கிளென்கோ பள்ளத்தாக்கில் அரசுப் படையே அங்கே குடியிருந்தவர்களைக் கொன்ற படுகொலை நடந்தது. 1695இல் பாராளுமன்றம் உயிர் தப்பியவர்களின் இழப்புக்குப் பரிகாரம் செய்யும்படி மன்னரை வேண்டிக்கொண்டது. உரிமை என்றால் வேண்டுகோள் எதற்கு?

நீதிமான்72:
கிளென்கோவில் கொன்றது அரசுப் படை. அதற்கும் ஃபெரிண்டாஷுக்கும் என்ன சம்பந்தம்? செத்தவர்களை இந்தச் சண்டைக்குள் இழுக்காதீர்கள். 1745இல் ஜேம்ஸின் வம்சத்துக்காக மறுபடி எழுந்த கலகக்காரர்கள் கிளாஸ்கோவிடம் பணமும் துணிமணியும் பிடுங்கினார்கள், 1749இல் பாராளுமன்றம் அந்த நகரத்துக்கு 10,000 பவுண்டு தந்தது. இன்னும் வேண்டுமானால் பர்மா ஆயில் வழக்கு இருக்கிறது. 1942இல் ஜப்பான் கைக்குப் போகாமல் இருக்க பிரிட்டிஷ் படையே அந்தக் கம்பெனியின் எண்ணெய் ஆலைகளைத் தகர்த்தது. எடின்பரோ செஷன் நீதிமன்றத்தில் (ஸ்காட்லாந்தின் உயர் சிவில் நீதிமன்றம், நம் ஊர் செஷன்ஸ் கோர்ட் இல்லை) தொடங்கி, 1964இல் அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரபுக்கள் சபை நஷ்டஈடு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. அது ஸ்காட்லாந்து வழக்கு!

கரிசல்காடன்:
கிளாஸ்கோ நகரம், நிலக்காரர் இல்லை. பணம் தந்தது லண்டன். பர்மா ஆயிலில் மூன்றுக்கு இரண்டு என்ற பிளவுபட்ட தீர்ப்பு, அதிலும் சண்டையின்போதே ஏற்படும் சேதத்துக்கு ஈடு இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். மறு வருடமே, 1965இல், பின்தேதியிட்டுச் சட்டம் போட்டு அந்த உரிமையையும் அழித்தார்கள். இத்தனை எழுதியும் 400 மெர்க்கைத் தொடாமலே போகிறீர்கள்.

பனைமரத்தான்:
பர்மா ஆயில் நான் சொன்ன மூன்றாவது வகை. ஃபெரிண்டாஷ் முதல் வகை. அதற்காகத்தான் வகை பிரிக்கச் சொன்னேன்.

கரிசல்காடன்:
இதையும் கேளுங்கள். அதே ஃபோர்ப்ஸின் மகன், இன்னொரு டங்கன் ஃபோர்ப்ஸ், செஷன் நீதிமன்றத்தின் தலைவர். 1745 கலகத்தில் அரசுக்காகச் சொந்தக் காசை இறைத்தார், 1747இல் செத்தே போனார், அந்தக் காசை அரசு திருப்பித் தரவில்லை. நாட்டின் தலைமை நீதிபதிக்கே கிடைக்காததைச் சட்ட உரிமை என்கிறார் நம் நீதிமான்!

சுவடித்துகள்:
1640களின் உள்நாட்டுப் போரில் ஆர்கைல் மார்க்விஸ் என்ற பிரபுவுக்குப் பாராளுமன்றம் ஒதுக்கிய பணத்தையும் சேருங்கள். மன்னர் பக்கம் போரிட்ட மான்ட்ரோஸின் படை அவருடைய நிலத்தை அழித்ததற்கு ஒதுக்கியது. மன்னராட்சி திரும்பியதும், 1661இல், அந்தக் காலத்துப் பாராளுமன்றச் சட்டங்களையே ஒட்டுமொத்தமாக ரத்து செய்துவிட்டார்கள். அவர் தலையையும் வெட்டினார்கள்.

நீதிமான்72:
ஒரு சட்டத்தை ரத்து செய்தார்கள் என்றால் அது இருந்தது என்றுதானே பொருள்? உங்கள் வாயாலேயே வருகிறது.

கரிசல்காடன்:
தனி ஆளுக்குப் போட்ட சட்டம் பொதுச் சட்டம் ஆகாது. ஃபோர்ப்ஸ் கட்டினார். 400 மெர்க். வருடா வருடம். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

நீதிமான்72:
சொல்லியாயிற்று, என் முதல் பதிவைத் திரும்பப் படியுங்கள்.

கரிசல்காடன்:
படித்தேன். அதில் பதில் இல்லை.