வெந்துபோன பாதி போட்டோவில் கிடைச்ச பாட்டி

பழைய குடும்பப் படங்களைப் பத்தின இந்தப் பேச்சுல எல்லாரும் ஆல்பத்துல இருந்து எடுத்த படங்களைப் பத்தி எழுதியிருக்கீங்க, எனக்கு நடந்தது ஆல்பத்துக்கு வெளிய. எங்க பாட்டி (அம்மாவோட அம்மா) இருக்கிற பிரிண்ட் எங்க வீட்டுல மொத்தம் ஏழு தான். ஏழுலயும் ஒரே மாதிரி, நேரா நிக்கிறாங்க, கை ரெண்டும் கோர்த்து முன்னாடி, முகத்துல ஒரு அசைவு கிடையாது. கேமராவைப் பாத்தாலே அப்படி ஆயிடுவாங்கன்னு அம்மா சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச பாட்டி அந்த ஏழு படத்துலயும் இல்ல.

போன மாசம் பீரோவை ஒழுங்கு பண்ணும்போது பழைய நெகட்டிவ் (பிரிண்ட் போடுறதுக்கு முன்னாடி கழுவி வர்ற ஃபிலிம், அதுல வெள்ளை கறுப்பாவும் கறுப்பு வெளிச்சமாவும் தலைகீழா தெரியும்) கவர் ஒண்ணு கிடைச்சுது. பிரிண்ட் எல்லாம் கலர் போய் செவப்பா ஆயிடுச்சு (அந்தக் காலத்து கலர் பேப்பர்ல நீலப்பச்சை சாயம் தான் முதல்ல வெளிறும், மிச்சம் நிக்கிறது செவப்பு), ஆனா நெகட்டிவ் நல்லாவே இருந்துச்சு. ஒவ்வொரு ஸ்ட்ரிப்பா (ரோலை வெட்டின நீளத் துண்டு) ஓரத்தைப் பிடிச்சு வெளிச்சத்துக்கு நேரா காட்டிப் பாத்துட்டே வந்தேன். முதல் ஸ்ட்ரிப்போட ஆரம்பத்துல, ஃபிலிம் ஓரத்துல இருக்கிற 1-ங்கிற நம்பருக்கும் முன்னாடி, பாதி கறுப்பா ஒரு படம். அதுக்கு பிரிண்டே போடல.

மாமாவுக்கு போன் போட்டேன், படம் எடுத்தது அவர் தான். "அது படமே இல்லடி, கேமராவுல ரோல் மாட்டி மூடினதும் ரெண்டு தடவை சும்மா அமுக்கி நகத்தணும், மாட்டும்போது வெளிச்சம் பட்டு வெந்துபோன ஃபிலிம் அது, ஸ்டுடியோல அதைக் கழுவுறதோட சரி, பிரிண்ட் போட மாட்டாங்க"ன்னார். எங்க பாத்து அமுக்கினார்னு அவருக்கே ஞாபகம் இல்ல.

ஸ்கேன் பண்ணேன். இடது பாதி முழுக்க வெள்ளை, அதோட ஓரத்துல ஆரஞ்சு தீ மாதிரி. வலது பாதியில பாட்டி. வாசப்படியில உக்காந்து மடியில ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு ஊசியில நூல் கோக்குறாங்க. ஒரு கண்ணை மூடி, உதட்டைக் குவிச்சு, ஊசியை வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சிருக்காங்க. அவ்ளோதான், எனக்கு நெஞ்சு அடைச்சுக்கிச்சு. இதான் என் பாட்டி. "உனக்குத் தான் நல்ல கண்ணு, வா"ன்னு கூப்பிட்டு, நூல் முனையை நாக்குல நனைச்சு என் கையில குடுப்பாங்க, அந்த ஈர நூல் விரல்ல படுறது வரைக்கும் ஞாபகம் வந்துடுச்சு.

அப்புறம் தான் கவனிச்சேன், நூல் இடது கையில இருக்கு. சரி, நெகட்டிவைத் திருப்பி வெச்சு ஸ்கேன் பண்ணிட்டோம் போலன்னு நெனச்சேன், எல்லாருக்கும் நடக்கிற தப்பு தான். ஃபிலிம் ஓரத்துல கம்பெனி பேரும் நம்பரும் இருக்கும்ல, அது நேரா படிக்க வந்தா படமும் நேரா இருக்குன்னு அர்த்தம், கண்ணாடில பாக்குற மாதிரி தெரிஞ்சா திரும்பியிருக்கு. நேரா தான் இருந்துச்சு. நம்பிக்கை வராம அதே ஸ்ட்ரிப்புல அண்ணன் நிக்கிற படத்தையும் பாத்தேன், ஆம்பளைங்க சட்டையில பட்டன் போடுறவங்களோட வலது பக்கம் தான் இருக்கும், அதுவும் சரியா இருந்துச்சு. அப்போ பாட்டி இடது கைக்காரங்க!

அம்மாகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "ஆமா, தையலுக்கு மட்டும் அந்தக் கை தான். சின்ன வயசுல அடிச்சு அடிச்சு எழுதுறதையும் சாப்பிடுறதையும் மாத்திட்டாங்களாம், ஊசியை மட்டும் யாரும் கவனிக்கல போல"ன்னு சொன்னாங்க.

நானும் இடது கை தாங்க. பீச்சாங்கைன்னு வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் என்னைக் கையில தட்டியிருக்காங்க, பாட்டி ஒரு நாள் கூட ஒண்ணும் சொன்னதில்ல, பென்சிலை இடது கையில பிடிச்சு எழுதுறப்போ பக்கத்துல வந்து உக்காந்து நோட்டைக் கொஞ்சம் சாய்ச்சு வெச்சுட்டுப் போவாங்க, சாய்ச்சா எழுத வசதியா இருக்கும், அது இவங்களுக்கு எப்படித் தெரியும்னு அப்போ எனக்குக் கேக்கத் தோணல. செல்லம் குடுக்குறாங்கன்னு தான் இத்தனை வருஷமா நெனச்சிட்டு இருந்தேன்.

அதனால ஒரு வேண்டுகோள், பிரிண்ட் இருக்குல்லன்னு நெகட்டிவைத் தூக்கிப் போட்டுடாதீங்க. ஸ்கேனர் இல்லாட்டி ஒரு போன்ல வெள்ளை ஸ்கிரீன் வெச்சு, அதுமேல ஒட்டாம கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு, இன்னொரு போன்ல படம் எடுத்து கலரைத் தலைகீழா மாத்தினாலே யாருன்னு தெரிஞ்சுடும். பசை ஆல்பத்துல ஒட்டினது வரலன்னா பிச்சு எடுக்காதீங்க, அப்படியே போன்ல எடுத்துக்குங்க. வீட்டுல பெரியவங்க இருக்கும்போதே உக்கார வெச்சுக் கேளுங்க, அம்மா இல்லேன்னா எனக்கு அந்தக் கை வெறும் கையா தான் தெரிஞ்சிருக்கும்.

அந்தப் படத்துல இன்னொண்ணு இருக்கு. வெந்த வெள்ளை ஆரம்பிக்கிற இடத்துல, பாட்டிக்குப் பக்கத்துல படியில ஒரு சின்னக் கால், முழங்கால் வரைக்கும் தான், மிச்சம் எரிஞ்சு போச்சு. அம்மா என்னோடதுங்கிறாங்க. அண்ணன் அவனோடதுங்கிறான். அந்த ரோல்ல இன்னும் மூணு ஸ்ட்ரிப் பாக்கி இருக்கு, ஞாயித்துக்கிழமை மூணு பேரும் உக்காந்து பாக்கப் போறோம்.