ஒரே பெயர் கொண்ட இரு கழகங்கள்: கம்பளை ஆதரவாளர்களும் லண்டன் ஆதரவாளர்களும் நட்பாவது எப்படி?

கேள்வி: கம்பளையான், கொழும்பு 13

அனைவருக்கும் வணக்கம். நான் பிறந்து வளர்ந்தது கம்பளையில். வேலையின் பொருட்டு பன்னிரண்டு வருடங்களாகக் கொட்டாஞ்சேனையில் வசிக்கிறேன். எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் பெயர் கிறிஸ்டல் பெலஸ். தென் லண்டனில் 1905ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கழகத்துக்கும் அதே பெயர்தான். 2025 மே 17ஆம் திகதி அந்தக் கழகம் வெம்பிளியில் மன்செஸ்டர் சிட்டியை 1க்கு 0 என வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாக இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ணத்தைக் கைப்பற்றிய இரவில், கம்பளையிலிருந்து எனக்கு வந்த அழைப்புகளைக் கேட்டிருந்தால் மகாவலிக் கரையில்தான் கிண்ணம் வந்திறங்கியது என்று நினைத்திருப்பீர்கள்.

அந்த மகிழ்ச்சி ஒரு பக்கத்திலேயே நின்றுவிடக் கூடாது என்பது என் ஆசை. எங்கள் கழகம் கொழும்புக்கு ஆட வரும்போது மைதானத்தில் கூடும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர், லண்டன் கழகத்தின் ஆதரவாளர்களுடன் நிலையான நட்பொன்றை உருவாக்க விரும்புகிறோம். சென்ற வருடம் அங்குள்ள ஒரு ரசிகர் குழுவுக்கு மின்னஞ்சல் எழுதினேன். எங்கள் பிள்ளைகளுக்குப் பாவித்த சப்பாத்துகளும் பந்துகளும் கிடைக்குமா என்றும் அதில் கேட்டிருந்தேன். பதில் வரவில்லை. எங்கே பிழை விட்டேன், மறுபடி எப்படித் தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

தம்பி, உங்கள் ஆசை நியாயமானது. அதற்கு நல்ல முன்மாதிரியும் உண்டு. சிலி நாட்டின் வால்பராய்சோ துறைமுக நகரில், ஆங்கிலேய வழிவந்த இளைஞர்கள் 1909 ஜூன் மாதம் ஒரு கழகத்தைத் தொடங்கி அதற்கு எவர்டன் என்று பெயரிட்டார்கள். லிவர்பூல் நகரத்து எவர்டன் கழகம் தென் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் சென்றதும் அதே ஆண்டில்தான். பின்னர் பக்கத்து நகரமான வினா டெல் மாரில் குடியேறிய அந்தக் கழகம் சிலியின் தேசிய சம்பியனாக நான்கு தடவை வந்திருக்கிறது. அந்த ஊரில் புகழ்பெற்ற சூதாட்ட மாளிகை இருப்பதால் அதன் வீரர்களை ருலெட்டெரோஸ், அதாவது ருலெட் சூதாட்டக்காரர், என்று அழைப்பார்கள். நூறு வருடங்களாக இரண்டு கழகங்களும் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. 2010 ஆகஸ்டில்தான் சிலி அணி லிவர்பூலிலுள்ள குடிசன் பார்க் மைதானத்துக்கு வந்து ஆடியது. சகோதரத்துவக் கிண்ணம் என்று பெயரிடப்பட்ட அந்த ஆட்டத்தில் லிவர்பூல் நகரத்து எவர்டன் 2க்கு 0 என வென்றது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அந்த ஆட்டத்தின் முடிவையல்ல. இங்கிலாந்துப் பக்கத்தில் ஆதரவாளர்கள் தாமாகவே ஒரு சங்கம் அமைத்து, சிலிக்காரரின் செல்லப்பெயரையே அதற்குச் சூட்டிக்கொண்டு, அந்த உறவை வளர்த்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் பெயர் பெற்றவர்களின் ஊரையும் அடையாளத்தையும் அறிந்துகொள்ள விரும்பியதால்தான் அது நட்பாயிற்று.

உங்கள் மின்னஞ்சலின் பிழையும் இங்கேதான் இருக்கிறது என்று எண்ணுகிறேன். சப்பாத்து கேட்டது குற்றமல்ல. எங்கள் பிள்ளைகளின் தேவை உண்மையானது. ஆனால், முகமறியாத ஒருவருக்கு எழுதும் முதற்கடிதத்திலேயே உதவி கேட்டால், அவர் கண்ணில் நாம் சக ஆதரவாளராக அல்ல, விண்ணப்பதாரராகவே தெரிவோம். அடுத்த கடிதத்தில் எதையும் கேட்காதீர்கள். கம்பளையைப் பற்றி எழுதுங்கள். பதினான்காம் நூற்றாண்டில் ஓர் இராசதானியின் தலைநகராக இருந்த ஊரில், தேயிலை மலைகளுக்கு நடுவே, அவர்களுடைய பெயரைத் தாங்கிய அணியொன்று ஆடுகிறது என்ற செய்தியே எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

மறுமொழி: வடகொழும்பு ரசிகன்

நான் சற்று மாறுபடுகிறேன். 1851ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காக லண்டனில் எழுப்பப்பட்டு, பின்னர் சிடனம் குன்றுக்கு மாற்றப்பட்டு, 1936இல் எரிந்து அழிந்த கண்ணாடி மாளிகையின் பெயர்தான் கிறிஸ்டல் பெலஸ். அந்த மாளிகைக்கும் கம்பளைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. தொலைதூரத்துப் பெரிய கழகத்தின் பெயரைச் சூடிக்கொள்வதால் மட்டும் உறவு வந்துவிடாது. மேலும், இங்கிலாந்தின் உச்சநிலைத் தொடரான பிரீமியர் லீக்கில் ஆடும் கழகத்தின் ஆதரவாளர்களும் எங்கள் நாட்டுக் கழகமொன்றின் ஆதரவாளர்களும் சமநிலையில் நின்று பழக முடியுமா என்பதும் எனக்கு ஐயமே. அந்த உழைப்பை இங்குள்ள மைதானங்களில் ஆட்களைச் சேர்ப்பதில் செலவிட்டால் பயன் அதிகமல்லவா?

மறுமொழி: ஓய்வுபெற்ற ஆசிரியர், வெள்ளவத்தை

சமநிலை பற்றிய உங்கள் கேள்விக்கு கொரிந்தியன்களின் கதையில் விடை இருக்கிறது. 1882இல் லண்டனில் தொடங்கப்பட்ட கொரிந்தியன் என்ற தொழில்முறை சாராத கழகம் 1910இல் பிரேசிலுக்குச் சென்று ஆடியது. அதைப் பார்த்து வியந்த சாவோ பாவ்லோ தொழிலாளர்கள் சிலர் அதே வருடம் செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கியதுதான் இன்றைய கொரிந்தியன்ஸ். பெயரைப் பெற்ற கழகம் கோடிக்கணக்கான ஆதரவாளர்களுடன் உலகக் கழகக் கிண்ணம் வரை சென்றுவிட்டது; பெயரைத் தந்த கழகமோ 1939இல் கஷுவல்ஸ் கழகத்துடன் இணைந்து, லண்டனின் விளிம்பிலுள்ள டொல்வேர்த் என்ற இடத்தில் சிறிய மைதானமொன்றில், ஊதியம் பெறாத வீரர்களைக் கொண்டு ஆடிவருகிறது. அப்படியிருந்தும் 1988இல் கொரிந்தியன்ஸ் கழகத்தார் அந்தச் சிறிய கழகத்தை பிரேசிலுக்கு அழைத்து விளையாடினார்கள். பிரேசிலின் மாபெரும் வீரர் சோக்ரட்டீஸ் அன்று கொரிந்தியன்ஸுக்காக ஆடிவிட்டு, ஆட்டத்தின் பிற்பகுதியில் எதிரணியின் ஜேர்சியை அணிந்து அவர்களுக்காகவும் ஆடினார். 2015 ஜனவரியில் மறுபடியும் அழைத்துத் தங்கள் புதிய அரங்கில் விளையாடினார்கள். பெரியவர், சிறியவர் என்ற கணக்கு அங்கே குறுக்கே நிற்கவில்லை.

உள்ளூர் மைதானத்தில் ஆள் சேர்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்வதை முழுமனதாக ஏற்கிறேன். லண்டனிலிருந்து ஒருவர் எங்கள் கழகத்தின் முடிவுகளை விசாரிக்கத் தொடங்கினால், உள்ளூர் இளைஞனும் மைதானத்துக்கு வர ஒரு காரணம் கூடும்.

மறுமொழி: இரு ஊர்த் தங்கை, பம்பலப்பிட்டி

வணக்கம் அண்ணா. என் மூத்த சகோதரி குடும்பத்துடன் தோர்ன்டன் ஹீத்தில் இருக்கிறார். லண்டன் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம் அவர்களுக்கு நடந்துபோகும் தூரம். குரொய்டன், மிச்சம், டூட்டிங் பகுதிகளில் எங்கள் ஆட்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள், அவர்களில் அந்தக் கழகத்தின் ஆதரவாளர்களும் உண்டு. என் பெறாமகன், அவரது மகன், அங்கே பிறந்தவன். கம்பளையில் அதே பெயரில் ஒரு கழகம் இருப்பதை நான் சொன்னபோது அவன் நம்பவில்லை, படத்தைக் காட்டிய பிறகு தன் வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருக்கிறான். ஆகவே, பெயரறியாத குழுவொன்றுக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிட, அங்கேயுள்ள எங்கள் பிள்ளைகள் வழியாகத் தொடங்குவது நல்லது. ஆனால் அது எங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்ளும் குழுவாகச் சுருங்கிவிடக் கூடாது. பிள்ளைகள் தங்கள் பக்கத்து இருக்கைக்காரரையும் அழைத்து வரவேண்டும். கம்பளைப் பக்கத்திலும் சிங்கள நண்பர்கள் சேரவேண்டும்.

எங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை என்று எண்ணாதீர்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டக் கூடாது என்ற தடை நெடுங்காலமாக இருக்கிறது. எங்களுக்கு அந்தத் தடை இல்லை. அவர்களின் மூன்று மணி எங்களுக்குக் குளிர்காலத்தில் இரவு எட்டரை, கோடையில் ஏழரை. நுழைவுச்சீட்டுக் கிடைக்காமல் வீட்டிலிருக்கும் ஆதரவாளர் ஒருவருக்கு, கோல் எப்படி விழுந்தது என்று வாட்ஸ்அப்பில் குரற்பதிவாக விவரித்தால், அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. என் பெறாமகனுக்கு நான் இதைச் செய்திருக்கிறேன். இப்போது வெள்ளிக்கிழமையே, நாளைக்கு ஆட்டம் பார்ப்பீர்களா சின்னம்மா என்று கேட்டுவிடுகிறான்.

ஜேர்சி பரிமாறுவதாக இருந்தால் முதலில் நீங்கள் அனுப்புங்கள். சுங்கப் படிவத்தில் அன்பளிப்பு என்றும் உண்மையான விலையையும் எழுதுங்கள். நட்புக்கென்று சின்னம் தயாரித்தால் லண்டன் கழகத்தின் இலச்சினையை அதில் அச்சிடாதீர்கள், அது சட்டத்தால் காக்கப்பட்ட குறி.

கேள்வி கேட்டவர்

ஐயாவுக்கும் தங்கைக்கும் மாற்றுக் கருத்தைத் தயங்காமல் கூறிய நண்பருக்கும் நன்றி. உதவி கேட்டு எழுதியது எனக்கு உள்ளூர வருத்தமாகவே இருந்தது. காரணம் இப்போது விளங்குகிறது. இன்று மாலை ஊருக்குக் கதைத்தேன். அடுத்த ஆட்டத்தில் வீரர்கள் மைதானத்துக்குள் இறங்குவதையும், வேலியோரம் நின்று பார்க்கும் எங்கள் முதியவர்களையும் படமெடுக்கச் சொல்லியிருக்கிறேன். தங்கை, உங்கள் பெறாமகனின் பெற்றோர் சம்மதித்தால் முதற்கடிதத்தை அவனுக்கே எழுத விரும்புகிறோம். அவனுடைய ஜேர்சி அளவையும் தெரிவியுங்கள்.