தம்பி சிறையிலிருந்து வருகிறான், முதல் 2 வாரத்துக்கு யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் தம்பிக்கு விடுதலை. ஹெராயின் பழக்கம், உள்ளே அந்த ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை தருகிறார்கள், ஆள் நன்றாகத் தேறியிருக்கிறான். "இனி தொடவே மாட்டேன்க்கா" என்கிறான், நானும் நம்புகிறேன். என் பயமெல்லாம் அவன் உடம்பைப் பற்றித்தான். இத்தனை நாள் ஹெராயின் எடுக்காததால் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய அளவை ஒரே ஒரு தடவை எடுத்தாலும் மூச்சு நின்றுவிடலாம். வெளியே வந்த முதல் 2 வாரத்தில்தான் இப்படிச் சாவு அதிகம்.

மாத்திரை ஒருநாள்கூட விட்டுப்போகாமல் வெளி மருத்துவரிடம் மாற்ற, முதலில் யாரைப் பிடித்தீர்கள்? சிறை மருத்துவரிடம் சீட்டை முன்கூட்டியே வாங்க முடிந்ததா? வெள்ளிக்கிழமை சாயங்காலம் விட்டால் (அப்படித்தான் வந்து தொலைக்கும்) திங்கள்வரை என்ன செய்தீர்கள்?

ஹெராயின் அளவு மீறி மூச்சு நின்றால் மீட்கும் நலோக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே வீட்டில் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள். அதன் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் இறங்கிவிடும், அடித்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்பதுவரை தெரியும். வயதானவர்களுக்கு எப்படிப் பழக்கினீர்கள்?

இன்னொரு தலைவலி அம்மா. "மாத்திரையும் போதைதானே, நிறுத்தச் சொல்லு" என்கிறார். 2005 முதலே இது உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாச்சு, எடுபடவில்லை. வீட்டுப் பெரியவர்களைச் சம்மதிக்க வைத்தவர்கள் எப்படிப் பேசினீர்கள்? புத்திமதி வேண்டாம், பட்டவர்கள் எழுதுங்கள்.