பேஸ் கிதார் தந்திகள்: ‘முறுக்கு’ வேண்டாம், ‘சுற்று’ என்போம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். கீழ்ச்சுரங்களை வாசிக்கும் பேஸ் கிதாருக்குத் தந்தி தேர்ந்தெடுப்பது பற்றிய வழிகாட்டியைத் தமிழில் எழுதிவரும் நண்பர், ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய தந்தி), ஃபிளாட்வவுண்ட் (தட்டைப் பட்டை சுற்றிய தந்தி) இரண்டுக்கும் சொல் கேட்டிருந்தார். வந்த பரிந்துரைகளில் பலருக்கும் பிடித்துப்போனது இது:

> வட்ட முறுக்குத் தந்தி, தட்டை முறுக்குத் தந்தி

‘தந்தி’ என்பதை மட்டும் ஏற்கிறேன். மற்றவை பொருந்தவில்லை. பல ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிறவன் என்ற முறையில் காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் ‘முறுக்கு’. இழையைத் தன் மீதே திருகினால் அது முறுக்கு. கயிறு அப்படித்தான் உருவாகிறது. ஒன்றின் மேல் மற்றொன்றை வளைத்துக்கொண்டே போனால் அது சுற்று. பேஸ் தந்தியின் நடுவே எஃகுக் கம்பி ஒன்று நேராக நிற்கிறது. அதன்மேல் வேறொரு கம்பி இடைவெளியின்றிச் சுற்றப்படுகிறது. மிகத் தடித்த நான்காம் தந்தி 34 அங்குல நீளத்தில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை மட்டுமே அதிர வேண்டும். அவ்வளவு மெதுவாக அதிர எடை தேவை. அந்த எடைக்காக 2.67 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒற்றை எஃகுக் கம்பியைப் பூட்டினால் அது கோல் போல் விறைத்து நிற்கும், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் மேற்சுரங்களும் பிசகும். எடையைச் சுற்றின் மேல் ஏற்றிவிட்டு நடுக்கம்பியை மெலிதாக வைத்துக்கொள்வதுதான் இங்குள்ள நுட்பம். அதைச் சொல்லும் சொல் ‘சுற்று’.

இதைவிட எனக்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முறுக்கு என்பது நம் மரபில் ஒரு குற்றத்தின் பெயர். யாழ் நரம்புக்கு ஆகாத குற்றங்களாகக் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நான்கைப் பழைய நூல்கள் சொல்கின்றன. பேஸ் தந்திக்கும் முறுக்கு ஆகாது. பூட்டும்போது தந்தி திருகிக்கொண்டால் புத்தம் புதியதும் ஒலி செத்துக் கிடக்கும். ஒரு கச்சேரிக்கு முந்தைய இரவு எனக்கு அப்படி நேர்ந்தது. தந்தியே பழுது என்று எண்ணியிருந்தேன். ஒரு மூத்த கலைஞர் அதைத் தளர்த்தி, ஒரு முனையைத் தொங்கவிட்டு, திருகல் தானாக அவிழும்வரை காத்திருந்து மீண்டும் பூட்டித் தந்தார். ஒலி முழுதாகத் திரும்பியது. இந்த எச்சரிக்கை வழிகாட்டியில் கட்டாயம் இடம்பெற வேண்டும். அங்கே “முறுக்குத் தந்தியை முறுக்காமல் பூட்டுக” என்று எழுதினால் படிக்கும் மாணவர் குழம்பிப்போவார். குற்றத்துக்கு உரிய சொல்லைக் குற்றத்துக்கே விட்டுவைப்போம்.

அடுத்தது ‘வட்டம்’. எந்தச் சுற்றும் வட்டமாகத்தான் போகும். ரவுண்ட் என்பது சுற்றப்படும் கம்பியின் குறுக்குவெட்டைக் குறிக்கிறது. ஒன்றில் உருண்டைக் கம்பி, மற்றதில் தட்டையான பட்டை. ஆகவே என் பரிந்துரை: கம்பிச்சுற்றுத் தந்தி, பட்டைச்சுற்றுத் தந்தி. பேச்சில் கம்பிச்சுற்று, பட்டைச்சுற்று என்றாலே போதும்.

தேர்வு முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. கம்பிச்சுற்றின் மேற்பரப்பில் வரிவரியாகப் பள்ளங்கள் இருக்கும். ஒலி பளிச்சென்று, பியானோவின் கீழ்ச்சுரங்களைப் போல நீண்டு நிற்கும். விரல் நகரும்போது கீச்சொலியும் வரும். அந்தப் பள்ளங்களில் வியர்வையும் அழுக்கும் சேரச் சேரப் பளிச்சென்ற தன்மை குறைந்துவிடும். பட்டைச்சுற்று வழவழப்பானது, மிருதங்கத்தின் தொப்பியைத் தட்டியது போல உருண்டு விழும் ஒலி. அது ஆண்டுக்கணக்கில் தாங்கும். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்தபின் பல ஆண்டுகள் பட்டைச்சுற்றே வழக்கமாக இருந்தது. அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தால் ஒழிய மாற்றியதில்லை என்பார்கள். 1960-களில் இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் த ஹூ குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து கம்பிச்சுற்றைச் செம்மைப்படுத்திய பிறகே அந்தப் பளிச்சொலி ராக் இசையில் பரவியது. ஆனாலும் பட்டைச்சுற்று பழங்கால இசைக்கு மட்டுமே என்று வழிகாட்டியில் எழுதிவிட வேண்டாம். ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது பட்டைச்சுற்றில்தான்.

மெட்டில்லாத பேஸுக்கு எது என்று ஒருவர் கேட்டிருந்தார். (தந்திகளின் கீழே குறுக்காகப் பதித்திருக்கும் ஃபிரெட்டுக்கு வீணைக்காரர்களின் ‘மெட்டு’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?) கம்பிச்சுற்று, விரல் பதியும் மரப்பலகையை அராவிவிடும், தொடங்குபவருக்குப் பட்டைச்சுற்றே நல்லது. மெட்டில்லாத பேஸுக்குப் புகழ்பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸ் கம்பிச்சுற்றையே வாசித்தார், ஆனால் பலகையின்மேல் எபாக்சி என்னும் கடினப் பிசின் பூசியிருந்தார்.

நைலான் நாடா சுற்றியதை நாடாச்சுற்று எனலாம். கம்பியைச் சுற்றியபின் மேற்பரப்பைத் தேய்த்துச் சமப்படுத்துவதை ‘அரைவட்டம்’ என்று குழுமத்தில் சிலர் சொன்னார்கள். அராவுசுற்று என்றால் செய்முறையே பெயரில் வந்துவிடும்.

இன்னொருவர் கேட்டிருந்தார்:

> தந்தி என்றால் பழைய அஞ்சல் தந்திதானே நினைவுக்கு வரும்? நரம்பு என்னும் தூய சொல் இருக்கிறதே.

அந்தத் தந்திச் சேவை 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. வீணைத் தந்தி இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. ‘நரம்பு’ எனக்கும் பிடித்த சொல்தான். விலங்கின் குடலால் ஆன தந்தி பூட்டிய பழைய டபுள் பேஸைப் (நிற்கவைத்து வாசிக்கும் பெரிய வயலின் வகைக் கருவி) பற்றி எழுதும்போது அதை மனநிறைவோடு எழுதுவேன். ஆனால் மின்பேஸில் தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக்கும் காந்த பிக்கப், இரும்புத்தன்மையுள்ள உலோகம் அதிர்ந்தால்தான் ஒலியை எடுக்கும். குடல் நரம்பு அதற்குக் கேட்காது. நாடாச்சுற்று கேட்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் எஃகு. இந்த வேறுபாட்டைத் தந்தி, நரம்பு என்ற இரு சொற்களும் பகிர்ந்து சுமக்கட்டும்.

தந்தியின் தடிமனைச் சொல்லும் கேஜுக்குப் ‘பருமன்’ போதும். 45, 65, 85, 105 என்பவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுகள் என்பதை ஒருமுறை விளக்கிவிட்டால் சரி. புதிதாகக் கற்பவருக்கு இந்தப் பருமனில், நிக்கல் பூசிய எஃகுக் கம்பிச்சுற்று வாங்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. சில தடித்த தந்திகளில் வெளிச்சுற்று, தந்தியைத் தாங்கும் குதிரைக்குச் சற்று முன்பே நின்றுவிடும். குதிரையின் மேல் மெலிந்த பகுதி மட்டும் படியும். ‘வால்மெலி தந்தி’ என்று எழுதிப் பார்த்தேன், நிறைவாக இல்லை. வீணைப் பட்டறைகளோடு பழக்கமுள்ளவர்கள் குழுமத்தில் இருக்கிறீர்கள். முனையில் சுற்றை நிறுத்தி மெலிவிப்பதற்கு அங்கே என்ன சொல் வழங்குகிறது என்று கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்