அம்மாவின் இதய வால்விலும் கேவிட்டேஷன் வருமா?

பல்லடம் தம்பி:
வணக்கமுங்க. அம்மாவுக்கு இதயத்தின் இடப்பக்க இரண்டு அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வு மாற்றி ஆறு வருடமாகிறது, இரண்டு இதழ் வைத்த மெக்கானிக்கல் வால்வு. ராத்திரி பக்கத்தில் படுத்தால் டிக் டிக்கென்று எனக்கே கேட்கும். நான் பீளமேட்டில் பம்ப் பட்டறையில் வேலை செய்கிறேன், சக்ஷன் சரியில்லாமல் ஓடிய பம்ப்பைப் பிரித்தால் உள்ளே சுழலும் சக்கரமான இம்பெல்லர் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருக்கும். அழுத்தம் இறங்கிக் கிளம்பும் ஆவிக்குமிழிகள் உடைந்து இப்படிக் குழி பறிக்கிற அதே கேவிட்டேஷன் இதய வால்விலும் வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. அந்த டிக் சத்தம் அதுதானா?

சூலூர் அண்ணன்:
தம்பி, வரும் என்பது உண்மைதான். தோட்டத்தில் மோட்டாரை நிறுத்தினதும் தண்ணீரைத் திரும்பி வர விடாத என்.ஆர்.வி. வால்வு டமாரென்று அடிக்குமே, அதை நினைத்துக்கொள். வால்வு மூடும்போது இதழ் சட்டத்தில் மோதிச் சட்டென்று நிற்கிறது, ஆனால் அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ரத்தம் அதே வேகத்தில் விலகிப் போகப் பார்க்கும், அதனால் இதழை ஒட்டின இடத்தில் ஒரு கணம் அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கும். 37 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் 47 மி.மீ. பாதரசம், வெளிக்காற்றோ 760. அந்த 47-க்கும் கீழே போனால் ஆவிக்குமிழி கிளம்பி, அழுத்தம் திரும்பினதும் உடைகிறது. மைட்ரலில் வால்வு வேகமாக மூடுவதால் அங்கேதான் அதிகம்.
1982-இல் வந்த எட்வர்ட்ஸ்-டுரோமெடிக்ஸ் வால்வில் சிலருக்கு இதழே உடைந்து 1988-இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். கழற்றிப் பார்த்த இதழ்களில் குழிகள் இருந்தன. கேவிட்டேஷனை எல்லோரும் தீவிரமாக ஆராயத் தொடங்கினது அதற்கப்புறம்தான். இன்றைக்கு வால்வு வடிவமைக்கும்போதே இதையும் சோதித்துப் பார்க்கிறார்கள். உன் இம்பெல்லர் மணிக்கணக்கில் விடாமல் அடி வாங்குகிறது, இங்கே ஒரு துடிப்புக்கு ஒரு கணம்தான், அதுவும் பைரோலிட்டிக் கார்பன் என்கிற கடினமான கார்பன் மேலே. இரண்டையும் ஒன்றாக நினைக்காதே.

கோபி அக்கா:
கண்ணு, எனக்கும் வால்வுதான், திருவனந்தபுரம் சித்ரா மருத்துவ நிறுவனத்தில் உருவாக்கினது, 1990-இல் முதன்முதலாகப் பொருத்தினார்களே அந்த வகை. அதில் மூடுகிற வட்டு பாலிஎத்திலீன், கார்பன் இல்லை. நீ கேட்கிற டிக் சத்தம் இதழ் சட்டத்தில் தட்டுகிற சத்தம், குமிழி இல்லை. அது கேட்கிறதே நல்லதுதான். சத்தம் மங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று இருக்காதே, உடனே கூட்டிப் போ, வால்வில் ரத்தம் கட்டியிருக்கலாம். நாம் பயப்பட வேண்டியது அதற்குத்தான். ரத்தம் எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்று பார்க்கிற ஐ.என்.ஆர். சோதனை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? முருங்கைக்கீரை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுக்காதே, ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையின் கணக்கு தப்பும்.

பல்லடம் தம்பி:
பார்த்து மூன்று மாதமாயிற்றுங்க அக்கா. நாளைக்குக் காலையிலேயே லேபுக்குக் கூட்டிப் போகிறேன்.