போட்டோவுக்குப் போட்ட குழி

வேளச்சேரிவாசி:
எங்கள் அடுக்ககத்தில் 24 வீடுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கார் நிறுத்துமிடத்தில் மூன்று நாள் இடுப்பளவுத் தண்ணீர். வடிந்த பிறகு சங்கக் கூட்டம் போட்டோம். எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டி ஓய்ந்ததும், மூன்றாவது மாடி மாமி கேட்டார்: “அது சரி, நம்ம மழைநீர்க் குழி எங்கே இருக்கு?” ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் பிளம்பரோடு தேடினோம். காவலாளி அறைக்குப் பின்னால், துளசித் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருந்த சிமென்ட் மூடிதான் அது. கடப்பாரையால் நெம்பினால் உள்ளே மூன்றடி ஆழம். ஜல்லியும் இல்லை, மணலும் இல்லை. அடியில் வழவழவென்று சிமென்ட் பூச்சு. மாடியிலிருந்து இறங்கும் குழாய், குழிக்கு ஒரு முழம் முன்னாலேயே மண்ணுக்குள் முடிந்திருந்தது. “சார், இது போட்டோவுக்குப் போட்ட குழி” என்றார் பிளம்பர்.

2003 இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். எங்கள் அனுமதி வரைபடத்திலும் குழி அழகாக இருக்கிறது. வரைபடத்தில் மட்டும்.

பூச்சை உடைத்துத் தோண்டினோம். நாலடியில் களிமண். ஒரு குடம் ஊற்றிப் பார்த்தோம், மறுநாளும் அப்படியே நின்றது. அதனால் மாடித் தண்ணீரை வடிகட்டும் தொட்டி வழியாகச் சம்புக்கு, அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பிவிட்டோம். சம்பு நிறைந்து வழிவதுதான் குழிக்கு. ஐப்பசி, கார்த்திகையில் டேங்கர் லாரி கூப்பிடுவது நின்றது. வெள்ளம் நின்றதா என்றால் இல்லை. அடுத்த பெருமழைக்கும் கணுக்கால் நனைந்தது.

பெரும்பாக்கத்தான்:
அண்ணா, உங்கள் தெருத் தண்ணீர் எங்கள் பக்கம்தான் வருகிறது. தென்சென்னையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைக் கழுவெளிக்கு, அதாவது சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். கழுவெளி ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேர். 2022 இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது சுமார் 1,248. மிச்சத்தில்தான் நாமெல்லாம் வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நானும் அதில் ஒரு மனை வாங்கியிருப்பேன். பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் தரகர் கையில் தயார். என் தாய்மாமா ஓய்வுபெற்ற சர்வேயர். காகிதத்தை வாங்கவே இல்லை, குனிந்து தரையைப் பார்த்தார். கட்டட இடிபாடு கொட்டி மேடாக்கியிருந்தார்கள். அதன் ஓரத்தில் கோரை முளைத்திருந்தது, கொஞ்சம் நத்தை ஓடு கிடந்தது. “மாப்ள, புல்லு பொய் சொல்லாது, இது தண்ணி நிக்கிற இடம்” என்றார். வருவாய்த் துறையின் நிலப் பதிவேடான பழைய ஏ ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தால் அந்த சர்வே எண்ணுக்கு நேரே ‘கழுவெளி’ என்றே இருந்தது. முன்பணம் 50,000 போனது போனதுதான்.

மடிப்பாக்கத்திலிருந்து:
என் கதையைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் விடக்கூடாது என்பது விதி. எங்கள் தெரு வடிகாலிலோ மே மாதத்திலும் சோப்பு நுரையோடு தண்ணீர் ஓடும், கொசுவும் நாற்றமும் சேர்த்து. அந்தத் தண்ணீர் கடைசியில் போய் விழுவதும் கழுவெளியில்தான். படம் எடுத்துப் புகார் போட்டேன். பத்து நாளில் ஆட்கள் வந்தார்கள். சிலாபைத் தூக்கி, எந்தெந்த வீட்டுக் குழாய் உள்ளே வருகிறது என்று சாக்பீஸால் குறி போட்டுக்கொண்டே போனார்கள். மொத்தம் மூன்று வீடு. மூன்றாவது எங்களுடையது. சமையலறை, குளியலறைத் தண்ணீருக்கு அப்பா எப்போதோ போட்ட குழாயாம், கேட்டால் “அப்ப எல்லாரும் அப்படித்தான்டா விட்டாங்க” என்கிறார்.

குழாயை அடைத்துவிட்டார்கள். பாதாளச் சாக்கடை இணைப்புக்கு மனு கொடுத்திருக்கிறேன். அதுவரை கழிவுநீர் லாரிதான். எதிர்வீட்டுக்காரர், புகார் கொடுத்தது யார் என்று தினமும் என்னிடமே விசாரிக்கிறார்.