கலைச்சொல் உதவி: ‘அஃபோர்டபிள் ஹவுசிங்’ – வெள்ளிக்குள் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

சென்னை வியாசர்பாடியில் பழைய போர்டு (குடிசை மாற்று வாரிய) குடியிருப்பு ஒன்றை இடித்துக் கட்டப் போகிறார்கள். அங்கே குடியிருப்பவர்களுக்காக வீட்டுவசதித் திட்டங்களை விளக்கும் சிறு கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். ‘அஃபோர்டபிள் ஹவுசிங்’ என்பதை எல்லோரும் ‘மலிவு விலை வீடு’ என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மலிவு என்பது பொருளின் விலை. இதுவோ வாங்குகிறவரின் வருமானத்தைச் சார்ந்தது. வருமானத்தில் 30 விழுக்காட்டுக்குள் வீட்டுச்செலவு அடங்கவேண்டும் என்பதுதான் பல நாடுகளில் உள்ள அளவுகோல். ‘இயல்விலை வீடு’ சரிவருமா?

*

தம்பிக்கு,

வள்ளுவர் 478-ஆம் குறளிலேயே வழி காட்டியிருக்கிறார்: ‘ஆகாறு அளவிட்டி தாயினுங் கேடில்லை போகாறு அகலாக் கடை.’ வரவு சிறுத்தாலும் செலவு பெருக்காவிட்டால் கேடில்லை. நீங்கள் சொல்லும் 30 விழுக்காடும் இதுதானே? ஆகாறு என்றால் வரவு வரும் வழி; ஆகவே ‘ஆகாற்று வீடு’. உயிர்த்தொடர்க் குற்றியலுகரம் வேற்றுமையில் றகரம் இரட்டும், வயிற்றுவலி போல.

கையேட்டில் ‘மானியம்’ என்றும் எழுதியிருப்பீர்கள். அது வடசொல். வரி நீக்கிய நிலத்துக்குக் கல்வெட்டுகளில் ‘இறையிலி’ என்றே பெயர். அமெரிக்காவில் 1986 முதல் குறைந்த வருமானக்காரர்களுக்கு வாடகை வீடு கட்டுவோருக்கு வரிக்கழிவு தருகிறார்களே, அதற்கு இறையிலி அப்படியே பொருந்தும். நேர்ப்பணமாகக் கொடுப்பதை ‘நல்கை’ என்க.

*

புலவர் ஐயாவுக்கு வணக்கம். குறள் அருமை. ஆனால் ‘ஆகாற்று வீடு’ என்றால் எங்கள் ராயபுரம் பக்கம் ஆற்றோர வீடு என்றுதான் படிப்பார்கள். கூவம், பக்கிங்காம் கால்வாய் ஓரங்களில் காலி செய்யச் சொன்னதைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் வயிற்றைக் கலக்கும்.

காசிமேட்டில் விடியுமுன் மீன் ஏலம் எடுத்துத் தெருத்தெருவாக விற்கும் ஓர் அக்காவிடம் நேற்று இதைக் கேட்டேன். நகரின் தெற்கே தொலைவில் உள்ள பெரும்பாக்கத்தில் அவர் தங்கைக்கு வீடு கிடைத்திருக்கிறது. மகளின் பழைய நோட்டில் பின்பக்கத்திலிருந்து கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: பங்குத்தொகை தவணை, கரன்ட், அப்புறம் ஷேர் ஆட்டோ, ஷேர் ஆட்டோ, ஷேர் ஆட்டோ. அந்த வரிகளை விரலால் தடவிக்கொண்டே, ‘வீடு சல்லிசுதாம்மா, ஆனா கட்டாது’ என்றார். ‘மலிவு’ தவறு என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்வார்? ‘கட்டுபடி வீடு’ என்றே போடுங்கள் தம்பி.

*

கட்டுபடியா, கட்டுப்படியா? ப் வந்தால் ‘கட்டுப்படு’ நினைவுக்கு வந்து அடங்கிக் கிடக்கும் வீடு என்று பொருள் போய்விடும். ப் இல்லாமல் எழுதினால் பிழை என்று அடிப்பார்கள். படி என்பது அளக்கும் படியா, செய்தபடி என்பதில் வரும் படியா? இதை முடிவு செய்யாமல் அச்சுக்கு அனுப்பக்கூடாது.

இன்னொன்று. கட்டுமானத்துக்குத் தரும் மானியம், வாடகைக்காரர் கையில் தரும் மானியம் என்று இரண்டு இருப்பதால் முன்னதற்குக் ‘கட்டுமானியம்’ என்று ஒட்டிவிடலாமே.

*

அண்ணா, ‘கட்டுமானியம்’ அழகுதான். ஆனால் படிப்பவர்கள் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். ‘கட்டுவதற்கு மானியம்’, ‘வாடகைக்கு மானியம்’ என்று பிரித்தே எழுதிவிட்டேன்.

சொல்லில் என்ன இருக்கிறது என்று தனிமடலில் ஒருவர் கேட்டார். 1970-இல் ‘குடிசை மாற்று வாரியம்’ என்று தொடங்கியதை 2021-இல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ ஆக்கினார்கள். இடித்துக் கட்டும்வரை வெளியே வாடகைக்குப் போகிறவர்களுக்குத் தரும் பணத்துக்கு மட்டும் ‘கருணைத் தொகை’ என்றே பெயர். ஊர் கட்டிய கைகளுக்குக் கருணையா? அதற்கு ‘இடைக்கால வாடகைத் தொகை’ என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்திருக்கிறேன்.

இதுவரை ஏழு பேர் ‘கட்டுபடியாகும் வீடு’ என்கிறார்கள், இருவர் ‘மலிவு’. ப் இல்லாமலே போடுகிறேன். பெரிய கட்டுநர்கள் தம் வீடுகளில் ஒரு பங்கை எளியோருக்கு ஒதுக்கவேண்டும் என்று 1974-இல் அமெரிக்காவின் மாண்ட்கமரி கவுண்டி கொண்டுவந்த விதிக்கு இன்னும் சொல் இல்லை. ‘பங்குவீடு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். வியாழன் இரவுவரை மாற்றலாம்.

*

தம்பி, என் மறுப்பைப் பதிவு செய்க. குறளையாவது முகப்பில் போடுங்கள். ‘மானியம்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.